முதல் பந்தியில் பதினொருவர்

எங்கள் செங்காட்டூரில் போனுக்கு உடம்பு செய்வோம், உயிர் செய்ய மாட்டோம். இந்த ஒரு வரியிலேயே எங்கள் யோக்கியதை தெரிந்துவிடும், ஆனாலும் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளேயே வைத்திருந்தால் நெஞ்சைக் கரித்துக்கொண்டே இருக்கிறது.

பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஏரிக்கரையைத் தாண்டினால் நீலத் தகரக் கூரையோடு நிற்பதுதான் வேல் மொபைல்ஸ். அதில் மூவாயிரம் பேர் வேலை பார்த்தோம். நான் கண்ணாடி ஒட்டும் வரிசையில். கண்ணாடி நாங்கள் ஒட்டினோம், திருகாணி நாங்கள் முடுக்கினோம், காமிராவை நாங்கள் பொருத்தினோம், பாட்டரியை நாங்கள் படுக்கவைத்தோம், முதுகில் வேல் படம் போட்ட மூடியை நாங்கள் மூடினோம். மூடி முடித்த பிறகு போன் சில்லென்று, செத்த மீன் மாதிரி கையில் கிடக்கும். அப்புறம் மேலிடத்திலிருந்து உயிர் வரும். மேலிடம் என்பது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனி. அதன் பெயர் வாயில் நுழையாததால், கட்சிக்காரர்கள் டெல்லியைச் சொல்வதுபோல நாங்களும் மேலிடம் என்றே சொல்லிப் பழகினோம். அந்த உயிர் இறங்கியதும் கண்ணாடி வெளிச்சமாகும், போன் வணக்கம் சொல்லும், நாங்கள் அதை டப்பாவில் போட்டு 'நம்ம மண்ணு, நம்ம போனு' என்று மேலே ஒட்டி லாரி ஏற்றுவோம். இதைச் செய்ய ஒருவருக்கும் வெட்கமாக இருக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் இருந்தது. முதலாளி தணிகைவேலின் தங்கை, மங்கையர்க்கரசி. அண்ணனும் தங்கையும் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரிப்பேர் கடையில் ஆரம்பித்தவர்கள். அண்ணன் வாசலில் நின்று பேசுவார், தங்கை உள்ளே குனிந்து ஈயம் பற்றவைப்பார், அப்படித்தான் அந்தக் கம்பெனி உருவானது. மங்கையம்மாவின் வலது கட்டைவிரலில் சூட்டுக்கோல் பட்ட தழும்பு ஒன்று உண்டு. அந்த விரலால் செத்த போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "காளத்தியண்ணே, நம்ம கையால செஞ்ச பொருளுக்கு உசுரு குடுக்க இன்னொருத்தன் வரணுமா? பெத்துட்டு, மூச்சு மட்டும் பக்கத்து ஊர்ல வாங்கியாந்து ஊதுற மாதிரி இருக்குண்ணே."

முதல் மூன்று வருடம் உயிர் ஓசியில் வந்தது. நாலாவது வருடம் ஓர் ஒப்பந்தமும் சேர்ந்து வந்தது, எண்பத்து நாலு பக்கம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. மங்கையம்மா இருபது பக்கம் படித்து முடித்து, இருபத்தோராம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை போடலாம்ணே, முழுசா படிச்சிடறேன்" என்றார்.

"திங்கக்கிழமை அஷ்டமி, செவ்வா நவமி. இன்னைக்கு வளர்பிறை பஞ்சமி, மணி இப்பவே பத்தே கால். பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துடும்மா" என்றார் முதலாளி.

"ராகுகாலத்தப் பாக்குறியே, பக்கத்தப் பாக்க வேணாமா?"

"நல்ல நேரத்துல போட்டா உள்ள என்ன இருந்தாலும் நல்லதாத்தான் முடியும்."

முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பத்து இருபத்திரண்டுக்கு முதலாளி கையெழுத்துப் போட்டார். ராகுகாலத்துக்கு எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் காலை, வேல் போன் இருந்த ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் பதினோரு பேர் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு தாழ் போட்டபடி இருந்தது. எல்லோருக்கும் ஒரே முகம், வழவழவென்று, நெற்றியில் ஒரு கோடுகூட இல்லாமல். சட்டை நிறம்தான் வேறு வேறு. பச்சைச் சட்டைக்காரர் வழி சொல்வார், சிவப்புச் சட்டைக்காரர் பாட்டுப் போடுவார், மஞ்சள் கடிதங்களைப் படித்து அடுக்கி வைப்பார், நீலம் நம் கல்யாணப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு நமக்கே எடுத்துக் காட்டுவார். மீதி ஏழு பேர் என்ன வேலைக்கு வந்தார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது, அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி தேசம்மா பல் விளக்கிக்கொண்டு வந்தவள் அவர்களைப் பார்த்தாள், அவர்கள் பதினோரு வாயால் ஒரே குரலில், பள்ளிக்கூடப் புத்தகத் தமிழில், "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. "தாராளமா" என்றுவிட்டுக் காப்பி போடப் போனாள்.

காப்பி அவர்கள் குடிக்கவில்லை. டம்ளருக்குள் ஆளுக்கு ஒரு விரலை விட்டு, எடுத்து, நக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் தள்ளினார்கள். மத்தியானம் சாம்பாரில், ராத்திரி பாலில், குழந்தைக்குக் கரைத்த கஞ்சியில், எல்லாவற்றிலும் முதலில் அவர்கள் விரல். ஒவ்வொரு தடவையும் 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் 'அனுமதிக்கிறோம்' என்றோம். கொடியில் காய்ந்த துணியை முகர்ந்தார்கள், தலையணையைத் திருப்பிப் பார்த்தார்கள், நாம் கக்கூஸுக்குப் போய் வர எவ்வளவு நேரம் என்று கதவருகே நின்று முணுமுணுத்தார்கள். அடுத்தவர் கடித்த மாம்பழத்தை உயிர் போனாலும் தொடாத ஊர் இது. தண்ணீரைக்கூட சொம்பு உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஜனம், ஒரே வாரத்தில் எச்சில் சாம்பாரைச் சோற்றில் பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டது. விரல் சுத்தமாகத்தானே இருக்கிறது என்றார்கள். ஒரு காசும் வாங்காமல் வழி சொல்கிறார்களே, பாட்டுப் போடுகிறார்களே, ஒரு நக்கு நக்கிவிட்டுப் போகட்டுமே என்றார்கள்.

கேன்டீன் மாஸ்டர் ஆரோக்கியசாமி ஒருவர்தான் முதலில் முரண்டு பிடித்தார். அந்த ஏழு பேரில் ஒருவரை இழுத்துக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத் திரும்பினால், அந்த ஆள் வீட்டில் இவருடைய சொந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் புகார் சொன்னதற்கு, வெளியே அனுப்ப ஒப்பந்தத்தில் இடமில்லை, வேண்டுமானால் தூங்கவைக்கலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். தூங்கவைத்தார். அந்த ஆள் மூலையில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அதற்கு விழித்திருப்பதே மேல் என்று ஆரோக்கியசாமி மறுபடி எழுப்பிவிட்டார்.

அப்புறம் ஊர் அவர்களைத் தன் பழக்கவழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. எந்த விசேஷமானாலும் முதல் பந்தியின் முதல் வரிசை பதினொருவருக்குத்தான் என்பது ஒப்பந்தத்தில் இருந்ததாம். ஒரு கல்யாணத்தில் தாய்மாமன் உட்காரப் போனவரை எழுப்பி ஓரமாக நிறுத்தினார்கள், அவரும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஆறு மாதத்தில் பத்திரிகையிலேயே 'பதினொருவர் முன்னிலையில்' என்று அச்சடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தை எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டார்கள். பொத்தான் போன் வைத்திருந்த பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் கூடம் காலியாகக் கிடப்பதை நினைத்துக் கூசி, ஆட்டை விற்றாவது ஒரு வேல் போன் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு வருடம் ஓடியது. ஆறு வருடமாக நான் நடந்து போய் வந்த பாதை அது, கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிடம். ஒருநாள் பச்சைச் சட்டைக்காரர் எதற்கோ தாமதித்துவிட, ஏரிக்கரையில் இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் நின்றேன். என்னைப்போல இன்னும் நாலு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, அவரவர் பச்சைச் சட்டைக்காகக் காத்திருந்தோம்.

அந்த இரண்டு வருடமும் மங்கையம்மா பழைய ஜெனரேட்டர் ரூமில் மூன்று பேரை வைத்துக்கொண்டு உயிர் செய்துகொண்டிருந்தார். யாருடையதையும் வாங்காமல், எங்கள் போனுக்கு எங்கள் உயிர். சோற்றையும் தூக்கத்தையும் விட்டார், வந்த இரண்டு சம்பந்தத்தைத் தட்டினார், முப்பத்தாறு வயதில் தலை பாதி நரைத்தது. ஊரில், வேலை மெனக்கெட்ட வேலை என்றார்கள். புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை அது மூச்சு விட்டது. அவர் அந்த ஒற்றைப் போனைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனபோது, கூடத்தில் இருந்த பதினொருவரும் ஒவ்வொருவராக எழுந்து, செருப்புகூடச் சத்தமில்லாமல், வெளியே போய்த் தெருவில் வெயிலில் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்துக் காலியான கூடத்தில் மங்கையம்மா தரையில் உட்கார்ந்து அழுதாராம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு சமைத்தார், எங்கள் சிலரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

நானும் தேசம்மாவும் போனோம், ஆரோக்கியசாமி வந்தார், இன்னும் இரண்டு குடும்பம். யார் விரலும் படாத சாம்பார், யார் விரலும் படாத ரசம். மங்கையம்மா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேசம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாக, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, என்னமோ ஒண்ணு கொறையுது" என்றாள்.

"உப்பா?"

"உப்பு இல்லம்மா. அவங்க தொட்டுக் குடுத்தா ஒரு ருசி வருமே, அது."

மங்கையம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. இந்தப் போனு உங்களுக்கு வேணுமா?"

நான் போனை வாங்கிப் பார்த்தேன். கையில் வெதுவெதுப்பாக, கோழிக்குஞ்சு மாதிரி லேசாகத் துடித்தது. அழகாகத்தான் இருந்தது. "பாட்டு வருமாம்மா?" என்றேன்.

"இன்னும் இல்லண்ணே."

"வழி சொல்லுமா?"

"உங்க வீட்டுக்கு உங்களுக்கு வழி தெரியாதாண்ணே?"

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். ஆரோக்கியசாமி மட்டும் மூன்றாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், சாப்பிடும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கிடங்கில் இருந்த போன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தின. கால் மணி நேரம் கழித்து மறுபடி விட்டன. அதோடு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, நாலே வரி. முதலாளி புதன்கிழமை மத்தியானம் மூவாயிரம் பேரையும் கேன்டீனில் கூட்டி அதைப் படித்தார். ஒப்பந்தத்தின் அறுபத்தோராம் பக்கத்தின்படி, வேல் கம்பெனியின் ஒரே ஓர் உடம்பில் வேறு உயிர் இருந்தாலும், எல்லா உடம்பிலிருந்தும் மேலிடத்து உயிர் திரும்பப் பெறப்படும். பத்து நாள் அவகாசம்.

"அறுபத்தோராம் பக்கம்" என்றார் மங்கையம்மா. "நான் இருபத்தொண்ணுல இருந்தேன். எட்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சு."

"இப்ப அதச் சொல்லி என்னம்மா ஆவப்போவுது." முதலாளி அவரைப் பார்க்காமல் கடிதத்தையே பார்த்தார். "மூவாயிரம் குடும்பம் இருக்கு. அந்த ஒண்ண அணைச்சுடு. நீ கெட்டிக்காரி, இன்னொண்ணு செய்வே."

"அணைச்சா திரும்ப வராதுண்ணே. அதுக்கு இருக்கிறது ஒரு மூச்சுதான்." மங்கையம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "எனக்கு ஒரு மாசம் குடுங்க. வழிக்கு ஒண்ணு, பாட்டுக்கு ஒண்ணு, கடுதாசிக்கு ஒண்ணு, மூணையும் முடிச்சிடறேன். அப்புறம் இந்த ஒரு உசுர வெச்சு எல்லாப் போனுக்கும் ஏத்திடலாம். அவங்க எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். நம்ம வீட்டுல நம்ம சோத்த நாம மொதல்ல சாப்புடலாம். ஒரு மாசம்தான் கேக்கறேன்."

ஆரோக்கியசாமி கரண்டியோடு முன்னால் வந்தார். "ஏரி ஒடஞ்சப்ப நாப்பது நாளு மூடிக் கெடந்தோமே முதலாளி, யாரு செத்துப்போனா? ஒரு மாசம் நான் கஞ்சி ஊத்தறேன். அந்தப் பொண்ணு கேக்குறதக் குடுங்க."

எங்கிருந்தோ ஒரு கை உயர்ந்தது. அப்புறம் பேக்கிங் பிரிவுப் பெண்கள் கை தூக்கினார்கள், திருகாணி வரிசை தூக்கியது, வெட்கத்தோடு நானும் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனசில் கள்ளம் இல்லை. முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊரு சொன்னா சரிதான்" என்று ஆரம்பித்தார்.

அப்போது கேன்டீன் கதவைத் திறந்துகொண்டு பதினொருவர் வந்தார்கள். ஓரமாக வரிசையில் நின்றார்கள். வழக்கமான அதே சிரிப்போடு, வழக்கமான அதே குரலில், "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள்.

"அனுமதிக்கிறோம்" என்றோம்.

தலையைக்கூடத் திருப்பவில்லை. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, மூவாயிரம் பேரும் கொட்டாவி விடுவதுபோல அந்த வார்த்தையை விட்டோம். பேக்கிங் பெண்கள் விட்டார்கள், நான் விட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டுக்குள்ளிருந்து முதலாளி விட்டார், கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியசாமியும் விட்டார். தினம் நூறு தடவை கேட்டு, நூறு தடவை சொல்லி, எதற்கு என்கிற கேள்வியே எங்கள் வாயில் செத்துப்போயிருந்தது.

"எதுக்கு?" என்று மங்கையம்மா ஒருவர்தான் கேட்டார். அதற்குள் அவர் கையிலிருந்த வெளிச்சம் போய்விட்டது. பதினொருவரும் நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே போனார்கள்.

அவர் போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், தழும்பு விரலால் முதுகைத் தேய்த்தார். அப்புறம் அண்ணனிடம் கேட்டார். "எதைக் கேட்டாங்கன்னு தெரியுமாண்ணே உனக்கு?"

முதலாளி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பழக்கதோஷம்மா" என்றார்.

பத்து நாள் அவகாசம் முடிகிற நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. போன்கள் எல்லாம் மூச்சோடு இருந்தன, மேலிடத்திலிருந்து வாழ்த்து வந்திருந்தது. இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, திருகாணி முடுக்கிகளை வாழையிலையில் பரப்பி, பூசணிக்காய் உடைத்து, கேன்டீனில் பந்தி போட்டார்கள். முதல் பந்தியின் முதல் வரிசைக்குப் பதினொருவர் வந்தபோது அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டாவதாக ஒரு பெண் வந்தாள். சந்தன நிறச் சேலை. மங்கையம்மாவின் முகம், ஆனால் வழவழவென்று. மங்கையம்மாவின் கூந்தல், ஆனால் நரை இல்லாமல். வலது கட்டைவிரலில் தழும்பு இல்லை. அவள் புத்தகத் தமிழில் பேசவில்லை. மங்கையம்மாவின் குரலிலேயே, எங்கள் பேச்சிலேயே, "அண்ணே, அனுமதிக்கிறீங்களா?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"உக்காரும்மா" என்றார் முதலாளி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஊருப் பொண்ணு மேலிடத்துல எடம் புடிச்சிடுச்சு பாத்தியா என்று ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். தேசம்மா ஓடிப்போய் அவளுக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்தாள். பேக்கிங் பெண்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அந்தப் படங்களை நீலச் சட்டைக்காரர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனரில் பதினொன்று என்று இருந்ததை அடித்துப் பன்னிரண்டு என்று அங்கேயே யாரோ எழுதினார்கள்.

இரண்டாவது பந்தியில் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தவரை முதலில் யாரும் கவனிக்கவில்லை. மங்கையம்மா எனக்குப் பக்கத்து இலையில் இருந்தார். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பன்னிரண்டு பேரும் இலை இலையாக விரலை விட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தப் பெண் மங்கையம்மாவின் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"உன் பேரென்னம்மா?" என்றார் மங்கையம்மா.

"மங்கையர்க்கரசி. அனுமதிக்கிறீங்களா?"

"இல்ல."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மாறவில்லை. "அனுமதிக்கிறீங்களா?"

"இல்லம்மா."

"அனுமதிக்கிறீங்களா?" என்று மூன்றாவது முறை கேட்டுக்கொண்டே அவள் சாம்பாரில் விரலை விட்டு, எடுத்து, நக்கினாள்.

மங்கையம்மா ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, துக்க வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக, எங்களை விட்டு அந்தப் பக்கமாக மடித்தார். மடித்த இலையை உள்ளங்கையால் ஒருதரம் அழுத்திவிட்டு எழுந்து போனார். குழாயில் அவர் கை கழுவுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பூஜை நாளும் அதுவுமாக இப்படி மடிக்கலாமா என்று தேசம்மா என் காதில் சொன்னாள். பாயசம் வந்துகொண்டிருந்தது, ஜவ்வரிசிப் பாயசம், பன்னிரண்டு விரல் பட்டது. வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டேன்.